கோல அச்சும் ஜப்பான் கடிதத்தாளும்

சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில், மார்கழியில் நேரமில்லையென்றால் அம்மா ஓட்டை போட்ட தகர அச்சை எடுப்பாள். மாவைத் தூவித் தேய்த்தால் தாமரை ரெடி!

போன மாதம் டோக்கியோவில் மகளோடு கடிதத்தாள் செய்யும் வகுப்புக்குப் போனேன். அந்த அச்சுதான் ஞாபகம் வந்தது. இந்தக் கலைக்குக் கதாசோமே என்று பெயர். பெர்சிமன் பழச்சாறு ஏற்றிய கெட்டித்தாளில் பூவை வெட்டி, அதன் வழியே கடிதத்தாளில் அரிசிப்பசை தடவுகிறார்கள். காய்ந்ததும் சோயாப்பால் கலந்த சாயம். பிறகு கழுவினால், பசை இருந்த இடம் வெள்ளைப்பூ. கோலத்தில் மாவு நிற்கும். இங்கே மாவு போய், அதன் இடம் நிற்கிறது.

இதில் நம்மூருக்கும் பங்குண்டு. போர்ச்சுகீசிய, டச்சுக் கப்பல்கள் கொண்டுபோன சோழமண்டலக் கரை அச்சுத்துணியை ஜப்பானியர் 'சரசா' என்றார்கள். பிறகு தாங்களே அச்சுத்தாள் வைத்து அதைப்போல் செய்தார்கள். கோடுபோட்ட துணிக்கு 'சான்தோமே' என்று பெயர். ஆமாம், நம்ம சென்னை சாந்தோம்தான்!

இக்கலையின் பெரியவர் செரிசாவா கெய்சுகே (1895–1984). 1945 குண்டுவீச்சில் அவர் வீடு எரிந்தது. போருக்குப் பின் தாளில் காலண்டர்கள் அச்சிட்டார். 1956இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது.

எங்கள் சுரங்கம் 2001இல் மூடியது. லைனில் பாதிப்பேர் ஊர் ஊராகப் போய்விட்டோம். அம்மா மட்டும் அங்கேயே.

"தினமும் போனில் பேசுற பாட்டிக்குக் கடிதம் எதுக்குப்பா?" என்றாள் மகள்.

முதல் தாளில் எழுதினேன்: "அம்மா, அந்தத் தகர அச்சைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதே. பேத்தி கேக்கிறா."