பின்னம் சுருக்குதல்: பகாக்காரணி முறை

ஒரு பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்து, இரண்டிலும் உள்ள பொதுக் காரணிகளை நீக்கி எளிய வடிவம் காணும் முறை. நீக்கியவற்றின் பெருக்கற்பலனே மீப்பெரு பொதுக் காரணி.

மண்டகப்பட்டு, செஞ்சி வட்டாரத்து நில அளவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 24 அடிச் சதுரம் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. ஏக்கரோ 43,560 சதுர அடி. காணி எத்தனை ஏக்கர்?

57600 = 2⁸ × 3² × 5²
43560 = 2³ × 3² × 5 × 11²

பொதுவான 2³ × 3² × 5, அதாவது 360, இரண்டிலும் போகிறது. மிஞ்சுவது 160/121. பகுதியில் 11 மட்டுமே நிற்பதால் இது முடிவுறு தசமமாகாது; 1.3223... என நீளும். பேச்சுவழக்கில் காணிக்கு 132 சென்ட் என்று முடித்துவிடுகிறார்கள். விடுபடுவது சுமார் 100 சதுர அடி. மனை விலை தெரிந்தவர்களுக்கு அது சிறிதல்ல.

பழந்தமிழ்ப் பின்னமான முந்திரி 1/320. 320 = 2⁶ × 5. ஆகவே 48 முந்திரி சுருங்கி 3/20, மும்மா ஆகிறது. 320-இல் 3 என்ற காரணி இல்லாததால் மூன்றில் ஒரு பங்கை முழு முந்திரிகளால் எழுத முடியாது.