உதகையின் முதல் ஒளிப்படங்கள்: பங்களாவுக்குப் பின்னால் தெரியும் மலை

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லி தலைமையிலான கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையை முறியடித்தார்கள். அந்தப் போர், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாக நிற்கிறது. வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது; காயம்பட்ட பெய்லி பல்லக்கில் இருக்கிறார். புள்ளலூர் என்ற ஊரை அந்தச் சுவரில் தேடினால் கிடைக்காது. வென்ற அரசர் எதைக் காண விரும்பினாரோ அதைத்தான் ஓவியர்கள் தீட்டினார்கள். ஒளிப்படக் கருவி வந்த பிறகு, படம் எடுக்கச் சொன்னவரின் விருப்பத்துக்கு இந்த அளவு அதிகாரம் இருந்ததா? எல்லைப்புற ஊராகத் தொடங்கி ஒரு மாகாணத்தின் கோடைத் தலைநகராக வளர்ந்த உதகமண்டலத்தின் பழைய படங்களைக் கொண்டு இந்தக் கேள்வியை ஆராய முடியும்.

1799இல் திப்பு வீழ்ந்ததும் நீலகிரி கும்பினியின் கைக்கு வந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். மலையில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலைக்கு நிலம் வாங்கி, 1822இல் கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஓடையை மறித்து ஏரியும் அமைத்தார். 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்களுக்கு, திப்புவின் அரண்மனையை இடித்தெடுத்த மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மலைமேல் கொண்டுவரப்பட்டன.

இவையெல்லாம் ஒளிப்படக் கருவி வருவதற்கு முன்பே நடந்தவை. ஆக, உதகையின் உண்மையான தொடக்க ஆண்டுகளை எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. அவற்றுக்குச் சாட்சி அச்சுப் படங்கள்தாம். ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பேரன் 1837இல் வெளியிட்ட நீலகிரிக் காட்சிகள் அவற்றில் முக்கியமானவை. மேகமும் மலைமடிப்பும் அந்தக் காலத்து ஆங்கிலேய இயற்கை ஓவிய மரபுக்கு ஏற்றபடி வரையப்பட்டவை என்பதால், ஒரு சரிவில் மரம் இருந்ததா இல்லையா என்பதற்கு அவற்றை ஆதாரமாகக் கொள்ள நான் தயங்குவேன்.

ஒளிப்படக்காரர்கள் வரத் தொடங்கியது 1860களில். சென்னையில் அதற்குள் களம் உருவாகியிருந்தது. கலைப் பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில், 1856இல் ஒளிப்படச் சங்கம் அமைந்தது. கேப்டன் லின்னேயஸ் டிரைப் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றி, 1858இல் அந்தப் படங்களைத் தொகுதிகளாக வெளியிட்டார். ராணுவத்திலிருந்து விலகிய எட்மண்ட் லயன் 1860களின் நடுவில் உதகையில் ஸ்டூடியோ வைத்தார். தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுக்கும் அரசுப் பணியும் அவருக்குக் கிடைத்தது. வட இந்தியாவில் புகழ்பெற்ற சாமுவேல் போர்ன் 1869இல் நீலகிரிக்கு வந்து போனார். சென்னையில் தொழில் நடத்திய நிக்கலஸ் சகோதரர்களும் மலைமேல் கிளை பரப்பினார்கள்.

வந்தவர்கள் பலர்; தங்கியவர் ஆல்பர்ட் தாமஸ் வாட்சன் பென். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1849இல் பிறந்த இவர், பதினாறு வயதில் இந்தியா வந்து, 1870களில் உதகையில் சொந்த ஸ்டூடியோ தொடங்கி, ஏறத்தாழ 1911 வரை தொழில் செய்தார். 1924இல் அவர் காலமானதும் நீலகிரியில்தான். ஒரே ஊரை ஒரே மனிதர் ஒரு தலைமுறைக்கு மேல் படமெடுத்தார் என்பதில்தான் அவருடைய தனிமதிப்பு இருக்கிறது. போகிற வழியில் எடுத்த படத்துக்கு அழகு இருக்கலாம். ஓர் ஊரின் மாற்றத்தை அளக்க, திரும்பத் திரும்ப அதே மேட்டில் ஏறி நின்ற ஒருவர் வேண்டும்.

தொழில்முறையும் படத்தின் உள்ளடக்கத்தைத் தீர்மானித்தது. 1880 வாக்கில் உலர்தகடு பரவும் வரை ஈரக் கொலோடியன் முறைதான் வழக்கம். கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயும் முன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். அதனால் இருட்டுக் கூடாரமும் ரசாயனக் குப்பிகளும் தகட்டுப் பெட்டிகளும் எங்கு போனாலும் கூடவே போகும். அவற்றைச் சுமந்தவர்களின் பெயர் படத்தின் அடியில் இடம்பெறாது. ஒளி விழ வேண்டிய நேரமோ பல நொடிகள். நடமாடும் சந்தைக் கூட்டம் புகையாகக் கலைந்துவிடும். பங்களாவும் ஏரியும் தேவாலயமும் கூர்மையாக விழும். தோடர்கள் பூத்துக்குளி என்ற தங்கள் பூவேலைப் போர்வையைப் போர்த்து, மந்து எனப்படும் தங்கள் குடியிருப்பில் குடிசை முன் அசையாமல் நிற்க வைக்கப்பட்டார்கள்.

வாடிக்கையாளர்கள் கேட்டதும் அதே பங்களாக்களைத்தான். 1870 முதல் சென்னை அரசு ஆண்டுதோறும் கோடையில் மலையேறியது. பக்கிங்ஹாம் கோமகன் ஆளுநராக இருந்தபோது, 1877இல் உதகையில் அரசு மாளிகைக் கட்டுமானம் தொடங்கியது. அவை 1876–78 பெரும் பஞ்சத்தின் ஆண்டுகள். அதே மாகாணத்தில், அதே காலத்தில், வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தார். உதகையின் ஆல்பங்களையும் ஹூப்பரின் படங்களையும் தனித்தனியாகப் பார்ப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். மாகாணத்தின் வருவாய் எங்கே போனது என்பதற்கு இவ்விரண்டும் சேர்ந்துதான் முழுச் சான்று.

ஆயினும் உதகைப் படங்களின் ஆழமான சாட்சியம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. மாளிகையைக் காட்ட எடுத்த தகட்டில் மாளிகைக்குப் பின்னுள்ள மலையும் விழுந்தே தீரும். தொடக்ககாலப் படங்களில் ஊரைச் சுற்றிய குன்றுகள் பெரும்பாலும் வெறும் புல். மடிப்புகளில் மட்டும் கறுத்த திட்டுகளாகச் சோலைக்காடு. அன்றைய அதிகாரிகள் அந்தப் புல்நிலத்தைப் பயன்படாத வெற்றுநிலம் என்று எண்ணினார்கள். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளில் மெல்ல விடும் புல்வெளி அது. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சலும் அதுவே. ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் 1843இல் நீலகிரிக்கு வந்தது. சோலை மரங்களை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்த ஊருக்கு விறகு வேண்டும் என்பதால், 1850களின் பிற்பகுதி முதல் அதையும் சீகை (வாட்டில்) மரத்தையும் அரசே பெருமளவில் நட்டது. 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் சேர்ந்தன. காலவரிசையில் அடுக்கினால், படத்துக்குப் படம் மரங்கள் உயர்ந்து குன்றின் விளிம்புக் கோட்டையே மறைப்பதைக் காணலாம்.

ஏரிக்கும் இது பொருந்தும். பழைய படங்களில் அது கிழக்கே வெகுதூரம் நீள்கிறது. பின்னர் அந்தப் பகுதி தூர்க்கப்பட்டு, குதிரைப் பந்தயத் திடலும் இன்றைய பேருந்து நிலையமும் அங்கே வந்தன. ஏரியின் எல்லையை அளக்க நில ஆவணம் தேடும் ஆய்வாளர், இந்தப் படங்களையும் வரைபடத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பென்னின் வழிவந்த கிறிஸ்டோபர் பென், சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி, நிக்கலஸ் சகோதரர்களையும் பென்னையும் பற்றி 2014இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். யார், எப்போது, எந்த நிறுவனத்துக்காக எடுத்தார் என்ற அடித்தளம் அதில் உண்டு. அடுத்த கட்ட வேலை மலையில்தான் நடக்க வேண்டும். படத்திலுள்ள குன்றின் விளிம்பை வைத்துக் கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்தே இன்றைய காட்சியைப் பதிவு செய்ய வேண்டும். சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி இன்று நீலகிரியில் நடக்கும்போது, எந்தச் சரிவு புல்லாக இருந்தது, எந்த மடிப்பு சோலையாக இருந்தது என்பதை இந்தத் தகடுகளிடம் கேட்கலாம். தோடர், கோத்தர், படகர் மூத்தோரோடு உட்கார்ந்து இப்படங்களைப் பார்த்தால், ஒவ்வொரு குன்றுக்கும் மந்துக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களையும் படங்களின் ஓரத்தில் எழுதிவைக்க முடியும்.