தாமதத்தின் இருப்பிடம்: ஆர்வி முதல் ஐயூகா வரை

புனே மாவட்டத்தின் ஆர்வியில் 1970களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய விக்ரம் பூமி நிலையம், இந்தியாவின் தொலைபேசி அழைப்புகளைச் செயற்கைக்கோள் வழியே வெளிநாடுகளுக்கு அனுப்பியபோது, பின்னாளில் இணையதளங்களைப் பராமரித்தவர்கள் எதிர்கொள்ளவிருந்த இயற்பியல் எல்லை ஒன்று அங்கேயே புலப்பட்டது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கக் கால் நொடி ஆவதால், கேள்வி சென்று பதில் திரும்ப அரை நொடி கழிந்துவிடும். பாதையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இத்தாமதம் குறையாது.

நெரிசலால் விளையும் தாமதம் வேறு வகையைச் சேர்ந்தது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலிருந்து 400 கஜத் தொலைவிலேயே இருந்த பல்கலைக்கழகத்துக்குச் சென்ற இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. குறித்த எல்லைக்குள் பதில் வராவிட்டால் காத்திருப்பைக் கைவிடுவதை டைம் அவுட் என்பர். அன்றைய கணினிகள் அவ்வெல்லையைத் தவறாகக் கணித்து, வழியிலேயே இருந்த தரவுத் துண்டுகளையும் மீண்டும் அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், நெரிசலுக்கு ஏற்ப வேகத்தைத் தணித்துக்கொள்ளும் முறையை 1988இல் வெளியிட்டார். தரவு கடக்கும் ஒவ்வொரு கணுவையும் காட்டும் டிரேஸ்ரூட் கருவியும் அவர் படைப்பே. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய பிங், பதில் திரும்பும் நேரத்தை முன்பே அளந்துவந்தது. தளம் மந்தமாக இருக்கையில் பிங் விரைந்து திரும்பினால், பழுதைப் பெரும்பாலும் பாதையில் அன்றி வழங்கியில், அதாவது தளம் குடியிருக்கும் கணினியில், தேட வேண்டும் என்ற தெளிவு இக்கருவிகளால் வந்தது.

1988இல் ஜயந்த் நார்லிகரின் தலைமையில் புனேயில் உருவான ஐயூகா என்னும் வானியல் மையம், தொலைவால் வரும் தாமதத்துக்கு உரிய மருந்தையே நாடியது. அமெரிக்காவின் ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் மையம் நடத்திய ஏ.டி.எஸ். ஆய்வுக் கட்டுரைத் தொகுப்புக்கும், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து விசியர் விண்மீன் பட்டியல்களுக்கும் அது மிரர் தளங்களை, அதாவது முழு நகல்களை, வைத்திருந்தது. இணைப்பை விரிவாக்குவதைவிட நூலகத்தையே வாசகரின் அருகே கொண்டுவந்த இம்முடிவு மிகவும் பாராட்டத்தக்கது. நகலைப் புதுப்பிக்கும் தரவு கடல் கடந்தே வந்தது. எனினும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வாசகர் அப்பயணத்துக்காகக் காத்திருக்க நேரவில்லை. இத்தகைய தளம் திடீரெனத் தடுமாறினால், கண்டம் கடந்த பாதை ஐயத்திலிருந்து விலகிவிடுவதால், வழங்கியின் வட்டு, நினைவகம், தரவுத்தளம், உள்ளூர் இணைப்பு ஆகியவற்றோடு தேடல் சுருங்கிவிடும்.