ரீஃப்ரெஷ் இல்லாமல் வந்த பதில்

1990-களில் பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் தரும், அத்தோடு இணைப்பு அறுந்துவிடும். விக்கெட் விழுந்தாலும் சர்வர் தானாக வாய் திறக்காது. ஸ்கோர் பார்க்க ரீஃப்ரெஷைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரீஃப்ரெஷ் தட்டாமல் புதுத் தகவலைப் பெற ஒரு வழி மைக்ரோசாஃப்டில், கிட்டத்தட்ட பின்வாசல் வழியாகப் பிறந்தது.

அவுட்லுக் மெயிலை பிரவுசருக்குள் கொண்டுவரும் வேலையில் இருந்த அலெக்ஸ் ஹாப்மன், பக்கத்தை மறுபடி ஏற்றாமல் புது மெயிலை மட்டும் கேட்டு வாங்கும் நிரலை உருவாக்கினார். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 பிரவுசரின் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. புதிதாக எதையும் சேர்க்க நேரமில்லை. பிரவுசரோடு சேர்ந்து வரும் எக்ஸ்எம்எல் நூலகக் குழுவில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதற்குள் நுழைத்துவிட்டார்! எக்ஸ்எம்எல்லுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. அதன் பெயரில் எக்ஸ்எம்எல் ஒட்டிக்கொண்டதோடு சரி. 2004-ல் வந்த ஜிமெயில் அதை வைத்தே அசத்தியது. ஆனால், முதலில் கேட்க வேண்டியது பிரவுசர்தான் என்ற விதி மட்டும் அசையவில்லை.

அரட்டைக்கு அது போதுமா? சிலர் நொடிக்கொரு தரம் "ஏதாவது வந்திருக்கா?" என்று பிரவுசர் சர்வரை நச்சரிக்கும்படி செய்தார்கள். வேறு சிலர், சொல்ல ஏதாவது வரும்வரை பதிலைப் பிடித்து வைத்திருக்கும்படி சர்வரைப் பழக்கினார்கள். 2006-ல் அலெக்ஸ் ரஸ்ஸல் இந்த இரண்டாவது வகை வித்தைகளுக்கு 'காமெட்' என்று பெயரிட்டார். எல்லாமே ஒட்டுவேலைதான்.

2008-ல் மைக்கேல் கார்ட்டரும் எச்டிஎம்எல்5 ஆசிரியர் இயன் ஹிக்சனும் பேசிப் பேசி ஒரு திட்டத்துக்கு வடிவம் கொடுத்தார்கள். ஒருமுறை ஏற்படுத்திய இணைப்பு திறந்தே இருக்கும். இரு தரப்பும் நினைத்தபோது பேசலாம். குரோம் அதை ஏற்றுக்கொண்டது. எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, 2010-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். இடையில் இருக்கும் சில ப்ராக்ஸிகள் இந்த உரையாடலைச் சாதாரண வேண்டுகோளாகத் தப்பாகப் படித்து, தாக்குபவர் திணித்த போலிக் கோப்பைச் சேமித்து வைத்து மற்றவர்களுக்கும் கொடுத்துவிடக்கூடும். ஃபயர்ஃபாக்ஸும் ஓபராவும் அந்த வசதியை முடக்கிவிட்டன.

பிழைக்க வைத்தது ஒரு சின்ன உபாயம்: பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு துண்டையும் 32 பிட் தற்செயல் எண்ணால் உருமாற்றுவது. ரகசியத்துக்காக அல்ல, அந்த எண்ணும் கூடவேதான் போகிறது. தாக்குபவர் எழுதியது அப்படியே ப்ராக்ஸியின் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 ஆக அந்தத் திட்டம் தரநிலையானது. அதுதான் வெப்சாக்கெட்.

ஆனால், மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் வெப்சாக்கெட்டைத் தேட வேண்டியதில்லை. ஸ்கோர், பங்கு விலை போன்ற ஒருவழித் தகவலுக்கு சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போதும். முகம் பார்த்துப் பேச வெப்ஆர்டிசி. இருவழி அரட்டைக்கு வெப்சாக்கெட்தான் சரி.