நீரிழிவு நோயாளர்களில் பாக்டீரியாவால் உண்டாகும் இரைப்பை அழற்சி

நீரிழிவு நோயாளர்களில் பாக்டீரியாவால் உண்டாகும் இரைப்பை அழற்சி என்பது, நீரிழிவு உடைய ஒருவரின் இரைப்பையில் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா குடியேறி, இரைப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வில் நாள்பட்ட அழற்சியை ஏற்படுத்தும் நிலையாகும். இத்தொற்று நீரிழிவு இல்லாதவர்களுக்கும் பரவலாக ஏற்படுகின்றது. எனினும் நீரிழிவு உடையவர்களில் இதன் அறிகுறிகள் நீரிழிவின் விளைவுகளோடும் நீரிழிவு மருந்துகளின் பக்கவிளைவுகளோடும் ஒத்திருப்பதால், இது கண்டறியப்படாமல் போகும் வாய்ப்பு மிகுதி. சிகிச்சைக்குப் பயன்படும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளுள் சில குருதிச் சர்க்கரையின் அளவைக் குறைக்கக்கூடியவை என்பதாலும் இந்நிலை தனிக் கவனம் பெறுகின்றது.

நோயுண்டாக்கும் பாக்டீரியா

ஹெலிக்கோபாக்டர் பைலோரி சுருள் வடிவமுடைய, ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் நீளமுள்ள, கிராம்-எதிர் வகைப் பாக்டீரியாவாகும். இதன் ஒரு முனையில் உள்ள கசையிழைகள், இரைப்பையின் சளிப்படலத்தைத் துளைத்து உட்செல்ல உதவுகின்றன. இரைப்பைச் சாற்றில் உள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். இப்பாக்டீரியாவோ யூரியேஸ் என்னும் நொதியை மிகுதியாக உண்டாக்குகின்றது. அந்நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் மாற்றுகின்றது. அம்மோனியா சுற்றிலுமுள்ள அமிலத்தை நடுநிலையாக்குவதால் பாக்டீரியா உயிர் பிழைக்கின்றது.

தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினரிடையே வாய்வழியாகவோ மலம் கலந்த நீர், உணவு ஆகியவற்றின் வழியாகவோ பரவுகின்றது. சிகிச்சை பெறாவிடில் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் வளர்ந்தவர்களிடம் தோன்றுவதாகும். ஆகவே இவை இரண்டும் உள்ள ஒருவரில், தொற்று பல ஆண்டுகள் முந்தியதாக இருப்பதே வழக்கம்.

கண்டுபிடிப்பு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் வல்லுநராக இருந்த ராபின் வாரன், 1979 இல் அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்கள் இருப்பதைக் கவனித்தார். 1981 இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் இணைந்தார். 1982 இல் ஈஸ்டர் விடுமுறையின் காரணமாக வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் விடப்பட்டபோது, இப்பாக்டீரியா முதன்முறையாக வளர்ந்து காணப்பட்டது. 1984 இல் மார்ஷல் பாக்டீரியா அடங்கிய கரைசலைத் தாமே குடித்து, தமக்கு இரைப்பை அழற்சி உண்டானதை உறுதி செய்தார். 1989 இல் இப்பாக்டீரியாவிற்கு இன்றைய பெயர் இடப்பட்டது. 1994 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இத்தொற்றை முதலாம் பிரிவுப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. வாரன், மார்ஷல் இருவருக்கும் 2005 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீரிழிவுடன் உள்ள தொடர்பு

உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இத்தொற்று உள்ளதாக நெடுங்காலமாக மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. அண்மைக்காலத்தில் பல நாடுகளில் இது குறைந்து வருகின்றது. இந்தியாவில் இத்தொற்று மிகப் பரவலானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. எனவே இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிதன்று.

பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பகுப்பாய்வுகள், நீரிழிவு உடையவர்களிடம், குறிப்பாக இரண்டாம் வகையினரிடம், இத்தொற்று சற்று மிகுதியாகக் காணப்படுவதாகக் கூறுகின்றன. எல்லா ஆய்வுகளும் இதனை ஏற்கவில்லை. இத்தொடர்பிற்குப் பின்வரும் விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன.

* நாள்பட்ட அழற்சியின்போது வெளிப்படும் இன்டர்லூக்கின்-6 முதலான வேதிப்பொருட்கள் இன்சுலினின் செயலுக்கு இடையூறாக அமையலாம்.
* உயர்ந்த குருதிச் சர்க்கரை நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் தொற்று நிலைபெறுவது எளிதாகலாம்.
* வறுமை, நெரிசலான வாழிடம் முதலிய சூழல்கள் இரண்டு நோய்களுக்கும் பொதுக் காரணங்களாக இருக்கலாம்.

தொற்றுதான் நீரிழிவை உண்டாக்குகின்றது என்பது நிறுவப்படவில்லை. தொற்றை நீக்கிய பின் குருதிச் சர்க்கரை சிறிதளவு குறைந்ததாகச் சில ஆய்வுகளும், மாற்றமில்லை என வேறு சில ஆய்வுகளும் தெரிவிக்கின்றன. ஆகவே தொற்றுக்கான சிகிச்சை இரைப்பையைக் காப்பதற்கு உரியதேயன்றி, நீரிழிவு மருந்துக்கு மாற்றாகாது.

அறிகுறிகள்

தொற்றுடைய பெரும்பாலானோருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. தோன்றினால் மேல்வயிற்றில் எரிச்சல் அல்லது வலி, குமட்டல், சிறிதளவு உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு, ஏப்பம், வயிற்று உப்புசம், பசியின்மை ஆகியவை காணப்படலாம். நீரிழிவு உடையவர்களுக்கு இதே அறிகுறிகள் வேறு காரணங்களாலும் உண்டாகின்றன.

* இரைப்பை இயக்கக் குறைவு: நெடுநாள் நீரிழிவால் வேகசு நரம்பு பாதிக்கப்பட்டு, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவது தாமதமாகும்.
* மருந்துகள்: மெட்ஃபார்மின் குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம். லிராகுளுடைடு, செமாகுளுடைடு போன்றவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன.
* தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சி: முதல் வகை நீரிழிவு உடையவர்களிடம் ஏனையோரைவிட மிகுதியாகக் காணப்படுவது. இதற்குப் பாக்டீரியா காரணமன்று.
* கீட்டோன் அமிலமிகை: கட்டுப்பாடற்ற நீரிழிவில் வாந்தியும் வயிற்று வலியும் இதன் முதல் அறிகுறிகளாக இருக்கலாம்.
* மாரடைப்பு: நீரிழிவு உடையவர்களுக்கு மார்பு வலி இன்றியே, மேல்வயிற்று உளைச்சலாகவும் வியர்வையாகவும் மாரடைப்பு வெளிப்படலாம்.

இக்காரணங்களால் நீரிழிவு உடைய ஒருவரின் வயிற்றுத் தொல்லையை அறிகுறிகளை மட்டும் கொண்டு "வாயுத் தொல்லை" என முடிவு செய்வது பாதுகாப்பானதன்று. திடீரெனத் தோன்றும் கடும் மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல், வியர்வை, தொடர் வாந்தி, கறுத்த மலம், குருதி வாந்தி ஆகியன உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகளாகும்.

சிக்கல்கள்

நாள்பட்ட அழற்சி இரைப்பைப் புண்ணாகவும் முன்சிறுகுடற் புண்ணாகவும் மாறலாம். இதய நோயைத் தடுப்பதற்காக ஆஸ்பிரின் உட்கொள்ளும் நீரிழிவு நோயாளரிடம் இத்தொற்றும் இருப்பின், புண்ணிலிருந்து குருதி கசியும் அபாயம் உயர்கின்றது.

சிலரில் பல ஆண்டுகளில் சளிச்சவ்வின் சுரப்பிகள் நலிவடைகின்றன. இதனால் வைட்டமின் பி12 உட்கவர்வு குறையும். மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்வதும், அமிலச் சுரப்பைத் தடுக்கும் மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்வதும் பி12 குறைபாட்டை உண்டாக்கக்கூடியவை. மூன்றும் ஒருவரிடம் சேரும்போது கால்களில் மரத்துப்போதலும் எரிச்சலும் தோன்றலாம். இவை நீரிழிவு நரம்புச் சிதைவின் அறிகுறிகளைப் போன்றே இருப்பதால், பி12 அளவைச் சோதிக்காவிடில் குணப்படுத்தக்கூடிய ஒரு குறைபாடு தவறவிடப்படும்.

இத்தொற்று இரும்புச்சத்துக் குறைபாட்டிற்கும் காரணமாகலாம். இரும்புச்சத்துக் குறைவால் உண்டாகும் குருதிச்சோகையில் எச்பிஏ1சி அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டப்படலாம். எனவே மூன்று மாத சராசரிச் சர்க்கரையை மதிப்பிடும்போது இதனையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

நலிவடைந்த சளிச்சவ்வு சிறு பங்கினரில் படிப்படியாக இரைப்பைப் புற்றுநோயாக மாறுகின்றது. ஜப்பானின் ஹிசயாமா நகரில் நடைபெற்று 2005 இல் வெளியான நெடுநாள் ஆய்வில், வெறும் வயிற்றுச் சர்க்கரை உயர்ந்திருந்தவர்களிடம் இப்புற்றுநோய் மிகுந்து காணப்பட்டது. தொற்றும் சேர்ந்திருந்தவர்களிடம் அபாயம் மேலும் உயர்ந்திருந்தது.

கண்டறிதல்

* யூரியா மூச்சுச் சோதனை: அடையாளமிடப்பட்ட கார்பன் அணுவைக் கொண்ட யூரியாவை அருந்தச் செய்து, வெளிவிடும் மூச்சில் அக்கார்பன் கலந்துள்ளதா என அறிவது.
* மலச் சோதனை: மலத்தில் பாக்டீரியாவின் எதிர்ப்பொருளூக்கியைத் தேடுவது.
* அகநோக்கிச் சோதனை (எண்டோஸ்கோப்பி): இரைப்பையை நேரில் கண்டு, திசுவை எடுத்து ஆராய்வது.
* குருதிச் சோதனை: எதிர்ப்பொருள் தொற்று நீங்கிய பின்னும் நெடுநாள் குருதியில் இருப்பதால், பழைய தொற்றையும் நடப்புத் தொற்றையும் இதனால் பிரித்தறிய இயலாது.

முதல் மூன்று சோதனைகளின் முடிவும் பிழையாகாதிருக்க, ஒமிப்ரசோல் போன்ற மருந்துகளை 2 வாரங்களுக்கு முன்பும், நுண்ணுயிர் எதிர்ப்பிகளையும் பிஸ்மத்து மருந்துகளையும் 4 வாரங்களுக்கு முன்பும் மருத்துவரின் அறிவுரைப்படி நிறுத்த வேண்டும். மூச்சுச் சோதனைக்கும் அகநோக்கிச் சோதனைக்கும் உண்ணாமல் இருக்க வேண்டியிருப்பதால், இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை பயன்படுத்துவோர் அன்றைய மருந்தளவை முன்கூட்டியே கேட்டறிதல் இன்றியமையாதது. இரைப்பை இயக்கக் குறைவு உள்ளவர்களின் வயிற்றில் முந்தைய உணவு எஞ்சியிருக்கலாம் என்பதால், அவர்கள் கூடுதல் நேரம் உண்ணாதிருக்க நேரிடலாம்.

சிகிச்சை

2015 இல் வெளியான கியோட்டோ கருத்தொருமிப்பு அறிக்கை, இவ்வழற்சியை அறிகுறி இல்லாதபோதும் ஒரு தொற்றுநோயாகவே கருத வேண்டுமெனக் கூறியது. அமிலச் சுரப்பைத் தடுக்கும் ஒரு மருந்துடன் பல நுண்ணுயிர் எதிர்ப்பிகளைச் சேர்த்து, பொதுவாக 14 நாட்களுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. கிளாரித்ரோமைசினை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் பெருகியதால், பிஸ்மத்து, டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகியவற்றை உள்ளடக்கிய நான்கு மருந்து முறை இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. பிஸ்மத்து உட்கொள்ளும்போது மலம் கறுத்துக் காணப்படுவது இயல்பே.

நீரிழிவு உடையவர்களில் சிகிச்சை தோல்வியுறும் விகிதம் ஏனையோரைவிட மிகுதி எனத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஆதலால் மருந்துகளை இடையில் நிறுத்தாமல் உட்கொள்வதும், முடிந்து குறைந்தது 4 வாரங்களுக்குப் பின் மூச்சு அல்லது மலச் சோதனையால் தொற்று நீங்கியதை உறுதி செய்வதும் முக்கியமானவை.

கவனிக்க வேண்டிய மருந்து இடைவினைகள்

* கிளாரித்ரோமைசின், கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளுடன் சேரும்போது குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழலாம்.
* கிளாரித்ரோமைசினைச் சிம்வாஸ்டாட்டினுடன் சேர்த்து உட்கொள்ளக் கூடாது. தசைச் சிதைவு ஏற்படலாம்.
* லீவோஃபுளோக்சசின் குருதிச் சர்க்கரையைத் தாழ்த்தவும் உயர்த்தவும் கூடியது. 2018 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுபற்றிய எச்சரிக்கையை வலுப்படுத்தியது.
* சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிஸ்மத்து, டெட்ராசைக்ளின் ஆகியவை பொருந்தாமல் போகலாம். லீவோஃபுளோக்சசினின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மருந்தால் குமட்டல் தோன்றி உணவு குறையும்போது, வழக்கமான அளவு இன்சுலினே சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடலாம். எனவே இந்த 14 நாட்களில் குருதிச் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி அளப்பது நன்று. நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்வின் அறிகுறிகளாகும்.

தடுப்பு

இத்தொற்றுக்கெனப் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த தடுப்பூசி எதுவும் இல்லை. தூய குடிநீர், கழிப்பறைக்குச் சென்ற பின்னும் உணவிற்கு முன்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் ஆகியவை பரவலைக் குறைக்க உதவுகின்றன. காரமான உணவு எரிச்சலை மிகுவிக்கலாமே தவிர இத்தொற்றை உண்டாக்குவதில்லை. உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் தொற்று நீங்குவதுமில்லை.

இவற்றையும் பார்க்க

* நீரிழிவு நோய்
* இரைப்பைப் புண்
* இரைப்பைப் புற்றுநோய்
* வைட்டமின் பி12
* குருதிச் சர்க்கரைத் தாழ்வு