பாலராட்டின் ஹோட்டல்காரர்

ஆஸ்திரேலியாவில் 1854ல் நடந்த யுரேகா கலகத்தைப் பற்றிப் படித்தால் கொடி, சத்தியப்பிரமாணம், துப்பாக்கிச் சண்டை எல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரே ஒரு பக்கத்தில், ஒரு ஹோட்டல்காரர் வந்துவிட்டுப் போவார். எனக்கு அந்த மனிதர் மேல்தான் கண்.

பெயர் ஜேம்ஸ் பென்ட்லி. இங்கிலாந்தில் மோசடிக் கையெழுத்து வழக்கில் தண்டிக்கப்பட்டு, கைதியாகக் கப்பலேற்றப்பட்டவர். விடுதலையான பிறகு விக்டோரியா காலனிக்கு வந்து மெல்போர்னில் மிட்டாய் வியாபாரம் செய்தார். அயர்லாந்துக்காரப் பெண் கேத்தரினைக் கல்யாணம் செய்துகொண்டார். 1854 ஜூலையில் பாலராட் தங்கவயலில் யுரேகா ஹோட்டலைத் திறந்தார். ஹோட்டல் என்றதும் இட்லி, தோசையை நினைத்துவிடாதீர்கள்! மதுக்கடை, தங்கும் அறைகள், பந்து உருட்டி விளையாடும் கூடம் எல்லாம் சேர்ந்த இடம். சுற்றிலும் கூடாரங்கள், குழிகள், சேறு. நடுவில் இவருடைய மரக்கட்டடம்.

விஷயம் லைசென்ஸில் இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் தங்கவயலில் மது விற்கத் தடை. கூடாரங்களில் திருட்டுச் சாராயம்தான் ஓடியது. பிறகு விதி தளர்ந்து, மாஜிஸ்திரேட்டுகள் பார்த்து லைசென்ஸ் கொடுத்தார்கள். ஆக பென்ட்லிக்குக் காசு தருபவர்கள் தங்கம் தோண்டுபவர்கள், கடையைத் திறந்து வைத்திருக்க விடுபவர்கள் அதிகாரிகள். அந்த அதிகாரிகளைத்தான் தோண்டுபவர்களுக்குக் கண்டாலே ஆகாது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் ஒரு பவுண்டு வரி, கையில் சீட்டு இல்லாவிட்டால் கைது... பிடிக்குமா என்ன?

அக்டோபர் 6 பின்னிரவு. ஜேம்ஸ் ஸ்கோபி என்ற ஸ்காட்லாந்துக்காரரும் நண்பரும் போதையில் வந்து, மூடியிருந்த ஹோட்டல் கதவைத் தட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கொஞ்ச நேரத்தில், சற்றுத் தள்ளி, ஸ்கோபி அடித்துக் கொல்லப்பட்டார். ஹோட்டல் ஆட்கள்தான் துரத்தி வந்தார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள்.

அக்டோபர் 12ல் மூன்று பேர் விசாரித்தார்கள். தலைமை, போலீஸ் மாஜிஸ்திரேட் ஜான் டியூஸ். இவருக்கும் பென்ட்லிக்கும் பணத் தொடர்பு என்று ஊரே பேசியது. ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற இருவரும் பென்ட்லியை விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் கொடுக்கும் கையும் தீர்ப்பு எழுதும் கையும் ஒன்றாக இருந்தால், தீர்ப்பு நியாயமாகவே இருந்தாலும் யார் நம்புவார்கள்?

17ம் தேதி ஹோட்டல் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். சமாதானம் பேச வந்த தங்கவயல் கமிஷனர் மேல் முட்டை பறந்தது. பென்ட்லி குதிரையேறி அரசு முகாமுக்குத் தப்பினார். போலீஸ் நிற்கும்போதே ஹோட்டல் எரிந்து சாம்பல்.

அதன் பிறகு அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானம் வந்தது. டியூஸ் பதவி போனது. பென்ட்லி மறுபடி கைது. ஹோட்டல் காவலாளியே அப்ரூவர். நவம்பரில் மெல்போர்னில் பென்ட்லிக்கும் இன்னும் இருவருக்கும், கொலை அல்ல, மரணம் விளைவித்த குற்றத்துக்காக மூன்று வருடக் கடுங்காவல். கர்ப்பிணியாக இருந்த கேத்தரின் விடுதலை. பரிசுத்தொகை அறிவித்த பிறகு கிடைத்த சாட்சிகளை நான் முழுசாக நம்பத் தயாரில்லை. ஆனாலும் பென்ட்லி நிரபராதி என்றும் சொல்லமாட்டேன்.

தீ வைத்ததற்காக மூன்று பேருக்கும் சிறை. அவர்களை விடச் சொல்லி தோண்டுபவர்களின் பிரதிநிதிகள் கவர்னர் ஹோதமிடம் போனார்கள். "வேண்டுகிறோம்" என்று எழுதாமல் "கோருகிறோம்" என்று சொன்னதுதான் அவருக்கு உறுத்தியது. மறுத்துவிட்டார். டிசம்பர் 3 விடியலில் ராணுவம் யுரேகா தடுப்பரண் மேல் பாய்ந்தது. தோண்டுபவர்கள் பக்கம் குறைந்தது 22 பேர் செத்தார்கள். அடுத்த வருடம் மாத வரி ஒழிந்து, வருடத்துக்கு ஒரு பவுண்டு என்றானது.

பென்ட்லிக்கு ஹோட்டல் திரும்பக் கிடைக்கவில்லை. 1873ல் மெல்போர்னில், அபின் கலந்த லாடனம் என்ற மருந்தைக் குடித்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.