செல்போன் கவருக்குள் ஏ.டி.எம். கார்டா? திருடனுக்கு டபுள் லாபம்!

விருத்தாசலம்:

செல்போன் திருடு போனால், "போன் தானே போச்சு" என்று மனசை தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் போன் கவருக்குள் ஏ.டி.எம். கார்டையும் சொருகி வைத்திருந்தால் வங்கியில் இருக்கும் சம்பளப் பணமும் சேர்ந்தே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

பீங்கான் நகரமான விருத்தாசலத்தில் அகல் விளக்கு, பொம்மை, பியூஸ் கேரியர் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு கையெல்லாம் களிமண். போனை சட்டைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு வேலையை பார்ப்பது தான் சுலபம். வேலை முடிந்து கிளம்பினால் ரெயில்வே ஜங்ஷன், பஸ் நிலைய நெரிசல். மாசி மகம் வந்தால் விருத்தகிரீஸ்வரர் கோவிலில் கூட்டமோ கூட்டம். பிக்பாக்கெட் ஆசாமிகளுக்கு இது போதாதா?

பணம் எப்படி போகிறது?

போனுக்கு லாக் போட்டிருந்தாலும் திருடன் சிம்மை கழற்றி வேறு போனில் போட்டுவிடலாம். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அவன் கைக்கு வந்துவிடும். கூடவே கார்டும் கிடைத்தால் அதன் கடைசி 6 எண்கள், காலாவதி மாதம், வருடம் எல்லாம் அவனுக்கு தெரிந்துவிடும். பல வங்கிகளில் யு.பி.ஐ. ரகசிய எண்ணை புதிதாக மாற்ற இவையே போதும். சில வங்கிகள் மட்டும் ஏ.டி.எம். பின் நம்பரையும் கேட்கும். அதையும் கார்டு உறையிலேயே எழுதி வைத்திருந்தால் கதை முடிந்தது!

வைபை குறி உள்ள கார்டு என்றால் கடைகளில் ரூ.5 ஆயிரம் வரை பின் நம்பர் இல்லாமலே தேய்க்கலாம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

* போன் ஒரு பையிலும் கார்டு வேறு இடத்திலும் இருக்க வேண்டும்.

* போன் செட்டிங்கில் 'சிம் லாக்' போட வேண்டும். வேறு போனில் சிம்மை போட்டாலும் நம்பர் கேட்கும். அந்த நம்பரை மறந்துவிடக் கூடாது.

* வங்கி ஆப்பில் ஆன்லைன், வைபை வசதிகளை ஆப் செய்து வைக்கலாம். 2020 அக்டோபர் முதல் இந்த வசதி உள்ளது.

* போனில் \*#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதையும் வங்கியின் கார்டு பிளாக் நம்பரையும் வீட்டு காலண்டரில் எழுதி வைக்க வேண்டும். கார்டே போன பிறகு அதன் பின்பக்கத்தில் உள்ள நம்பரை எங்கே தேடுவது? இணையத்தில் தேடினால் மோசடி ஆசாமியின் நம்பரும் சிக்கும்.

* "பணம் வரலியா? குடுங்க, நான் எடுத்து தர்றேன்" என்று ஏ.டி.எம்.மில் யாராவது வந்தால் உஷார்! கார்டை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

பறிபோனால்?

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, வங்கிக்கு பேசி கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்க வேண்டும். புகார் எண்ணை மறக்காமல் வாங்க வேண்டும். அடுத்து சிம் கம்பெனிக்கு பேசி சிம்மை பிளாக் செய்ய வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930. ரெயிலில் பறிபோனால் 139.

பிறகு போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அதே நம்பரில் புது சிம் வாங்கி, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை பதிவு செய்தால் அந்த போன் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இந்த வசதி உள்ளது. போன் திரும்ப கிடைத்தால் அதே தளத்தில் தடையை நீக்கிக் கொள்ளலாம்.

நஷ்டம் யாருக்கு?

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, பின் நம்பரை எழுதி வைத்தது, பிறரிடம் சொன்னது போன்ற கவனக்குறைவு இருந்தால், வங்கிக்கு தகவல் சொல்லும் வரை போன பணம் வாடிக்கையாளர் தலையில் தான். தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி தான் பொறுப்பு.

"நாளைக்கு பேங்குக்கு போய் சொல்லிக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்த ஒரு ராத்திரியிலேயே ஒரு மாத சம்பளம் போய்விடும்!